நான்கு மூலைச் சந்தனம்

முதலில் எனக்குத் தீங்கு செய்தது மாப்பிள்ளை ஞானசேகர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் டிரைவரே. இல்லையென்றால் பேச்சு எங்கெங்கோ போய்விடும், கடைசியில் நீங்களும் என்னையே குறை சொல்வீர்கள். பத்தொன்பது லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து இந்த மேசையில்தான் கொட்டினார். இரண்டாவதாகத் தீங்கு செய்தவள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் செல்போன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற சுகந்தி. அவள் செய்தது அதைவிட மோசம். அது பிறகு வரும்.

அந்த ஸ்டூலில் உட்காருங்கள். எடை மேடையில் நிற்கிற வண்டிக்குப் பின் டயர் பஞ்சர். ஜாக்கி வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரமாவது ஆகும், அதுவரைக்கும் உங்கள் லோடு அசையாது. வண்டியில் தர்மபுரி என்று போட்டிருக்கிறது. இந்த ஜவ்வரிசி மில்லுக்கு இதற்கு முன்னால் வந்ததில்லை, இல்லையா? வந்திருந்தால் எனக்கு முகம் தெரியும்.

என் பெயர் அர்த்தனாரி. படிப்பு ஆறாவது வரைக்கும். இந்த மேடையில் எடை போடுவது இருபத்தெட்டு வருஷமாக. மரவள்ளிக் கிழங்கு லாரி உள்ளே வந்தால் மேடையில் ஏற்ற வேண்டும், இந்தப் பெட்டியில் எடை காட்டும், அதைச் சீட்டில் எழுதி டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். காலி வண்டி திரும்பி வரும்போது மறுபடி ஒரு எடை. இதுதான் வேலை. என் கையெழுத்துப் போட்ட சீட்டுக்கு ஒருத்தன்கூட மறு எடை கேட்டதில்லை. ஒருத்தன் கேட்டான், அவன் குடித்திருந்தான். அதை விடுங்கள்.

பிறகுதான் ஞானசேகர் வந்தார். முதலாளி நாச்சிமுத்துவின் மூத்த மகளைக் கட்டியவர். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருந்தார். மாமனாருக்கு நெஞ்சு வலி வந்ததும் மில்லைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டார். மில்லில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. வந்த முதல் வாரமே கைச்சீட்டை நிறுத்தினார். பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர் இழுத்தார், லேப்டாப்பிலிருந்து பிரிண்டருக்கு ஒரு ஒயர் இழுத்தார். "கையால எழுதினா எத வேணாலும் எழுதலாம்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார்? சீட்டு எழுதுகிற ஆள் இந்த அறையில் நான் ஒருவன்தான்.

அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பையும் கற்றுக்கொண்டேன். வண்டி நம்பரை அடிக்க வேண்டும், எண்டரை அமுக்க வேண்டும், பேப்பர் வரும், கிழிக்க வேண்டும். அதோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பகை இருந்தது என்று அவர் சொன்னார், கேட்டவர்கள் நம்பினார்கள்.

போன வருஷம் புரட்டாசியில் அந்த லேப்டாப்பில் வைரஸ் புகுந்துவிட்டது. ஒரு எடை போட்டால் சீட்டு வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாகிவிட்டது. யாரோ ஒரு கிளீனர் பென் டிரைவ் செருகியதால் வந்தது என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தார். செருகச் சொன்னது நான்தான். பழைய பாட்டு நூறு இருக்கிறது, ஏற்றித் தருகிறேன் என்றான். பாட்டு கேட்பதில் என்ன தப்பு? அதை நான் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். லேப்டாப்பில் இருக்கிற விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று வேறொன்றைப் போடப் போகிறாராம். அது காசில்லாமல் கிடைக்குமாம், வைரஸும் வராதாம். "ஆயுத பூஜைக்கு மில் லீவு. மறுநாள் விஜயதசமி, மத்தியானம்தான் அரவை. காலையில ரெண்டு மணி நேரத்துல போட்டு முடிச்சிருவேன். புதுசா ஆரம்பிக்க நல்ல நாள்" என்றார்.

நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "மாப்பிள்ள, ஓடற வண்டிக்கு எதுக்குங்க இன்ஜின மாத்தறீங்க?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்த வார்த்தையை அவர் ஞாபகம் வைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று இந்த அறைக்குப் பூஜை போடுவது நான். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். மேடையைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். வாழைக்கன்று கட்டினேன். எடைப் பெட்டி, பிரிண்டர், ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்துப் பொட்டு வைத்தேன். பொடி வாங்கிக் குழைக்கிற சந்தனம் இல்லை டிரைவரே. என் வீட்டுக் கல்லில் நானே உரைத்த கட்டைச் சந்தனம். பன்னீர் விட்டுக் கலக்கினேன். அன்றைக்குப் பன்னீர் கொஞ்சம் கூடிவிட்டது.

லேப்டாப்புக்கு மூடி மேல் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு யோசித்தேன். மூடிக்கு வைத்தால் அது பெட்டிக்கு வைத்ததாகத்தான் ஆகும். வேலை செய்வது உள்ளே இருக்கிறது. அதனால் திறந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு எங்கே மஞ்சள் வைக்கிறோம்? நான்கு மூலையில். புதுத் துணிக்கு? அதுவும் மூலையில். அதே மாதிரி அந்தப் பொத்தான்கள் இருக்கிற பலகைக்கு நான்கு மூலையிலும் நல்ல தடிப்பாக ஒவ்வொரு பொட்டு வைத்தேன். மேலே குங்குமம். மேல் வலது மூலையில் கொஞ்சம் வழிந்தது. சாமிக்கு வைத்தது வழிந்தால் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். கற்பூரம் காட்டினேன். பூசணிக்காய் உடைத்தேன். பூட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். லேப்டாப்பைத் திறந்தார். பொட்டைப் பார்த்தார்.

"என்னங்க இது கோலம்? தொடைங்க மொதல்ல."

விஜயதசமி அன்று, சாமிக்கு வைத்த சந்தனத்தை. யாராவது சொல்வார்களா? ஈரத் துணியை எடுத்துத் துடைத்தேன். அழுத்தி அழுத்தித் துடைத்தேன். எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்தத் துணியில்தான் இருந்தது. மேலே பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு சொட்டு மஞ்சள் தெரியாது.

அவர் பென் டிரைவைச் செருகினார். அதற்குள்தான் லினக்ஸ் இருக்கிறதாம். சுவிட்சைப் போட்டார். கீ என்று ஒரு சத்தம். திரையில் நீலமாக ஒரு பக்கம், இங்கிலீஷில் வரி வரியாக.

"சரி, இது செட்டிங் பக்கம். இதுக்குள்ள வரணும்னுதான் இருந்தேன், அதுவே வந்திருச்சு" என்று சந்தோஷப்பட்டார். எதையோ மாற்றினார். முதலில் பென் டிரைவைப் பார், பிறகு உள்ளே பார் என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டுமாம். சொல்லி வைத்தார். அணைத்துப் போட்டார். மறுபடி கீ. மறுபடி அதே நீலப் பக்கம்.

பென் டிரைவை இந்தப் பக்கத்து ஓட்டையிலிருந்து எடுத்து அந்தப் பக்கம் செருகினார். அதே பக்கம். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழைய விண்டோஸாவது வருகிறதா என்று பார்த்தார். அதற்கும் அதே பக்கம். பழசுக்கும் போகவில்லை, புதுசுக்கும் போகவில்லை, வாசலிலேயே நிற்கிறது. எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அதே வாசல்.

ஒன்பது மணிக்கு வெளியே ஏழு லாரி நின்றது. பத்து மணிக்குப் பன்னிரண்டு. லீவுக்கு முந்தின நாள் பிடுங்கிய கிழங்கு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடுங்கின கிழங்கை உடனே அரைக்க வேண்டும். மூட்டைக்குள் சூடேறினால் நடுவில் கருப்பு ஓடிவிடும், மாவு குறையும், மில்காரன் விலையை இறக்கிவிடுவான். அன்றைக்கு வெயில் வேறு. பத்தரை மணிக்கெல்லாம் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து புளித்த வாடை வந்துவிட்டது.

மாப்பிள்ளை கோயமுத்தூரில் இருக்கிற சிநேகிதருக்குப் போன் போட்டார். செக்யூர் பூட் என்று ஒன்று இருக்கிறதாம், அதை நிறுத்தச் சொன்னாராம் அவர். நிறுத்தினார். அதே பக்கம். வேறொன்றைப் பழைய முறைக்கு மாற்றச் சொன்னாராம். மாற்றினார். அதே பக்கம். ஆபீஸுக்கு ஓடி, அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் வேறு பென் டிரைவில் புதிதாக ஏற்றிக்கொண்டு வந்தார். முக்கால் மணி நேரம் போனது. அதே பக்கம்.

லாரிக்காரர்கள் எல்லோரும் இந்தச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். அதில் காத்தவராயன் என்று ஒருவன், கொல்லிமலை அடிவாரத்திலிருந்து வருகிறவன், வாய் சும்மா இருக்காது. அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"என்னங்க மாப்பிள்ள, விஜயதசமிக்குப் பள்ளிக்கூடத்துல சேத்து வுட்டீங்களா? மொத நாளே உள்ள போவாம வாசல்ல நின்னு அழுவுதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. மாப்பிள்ளை திரும்பி என்னை மட்டும்தான் பார்த்தார்.

நான் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் டிரைவரே. இருபத்தெட்டு வருஷம் லாரிகளோடு இருக்கிறவன் காது இது. அந்த கீ சத்தம் விட்டு விட்டு அடிக்கிற சத்தமில்லை. ஹாரனை ஒருவன் அமுக்கிக்கொண்டு கையை எடுக்காமல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதைச் சொன்னேன்.

"மாப்பிள்ள, அது யாரோ ஹாரன அமுத்திப் புடிச்சுக்கிட்ட மாதிரிக் கேக்குதுங்க."

"கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருங்க."

வாயை மூடினேன். ஆனால் வெளியே பதினைந்து வண்டி ஆகிவிட்டது. கிழங்கு வேகிறது. மனசு கேட்கவில்லை. அலமாரிக்கு மேலிருந்து பழைய சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். கைச்சீட்டு நின்றுபோன அன்று நான் துணியில் சுற்றி வைத்த புத்தகம். தூசி தட்டி மேசையில் வைத்தேன். "எடப் பெட்டி நல்லாத்தான இருக்குது. நான் கையில எழுதித் தந்தர்றேன், வண்டிங்க உள்ள போகட்டும். நீங்க பொறுமையா இதப் பாருங்க" என்றேன்.

நல்லதற்குத்தான் சொன்னேன். அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஓ. அதுக்குத்தானா."

"எதுக்குங்க?"

"ஓடற வண்டிக்கு எதுக்கு இன்ஜின மாத்தறீங்கன்னு கேட்டது நீங்கதான? நேத்து கடைசியா இந்த லேப்டாப்பத் தொட்டது யாரு?"

"நான்தானுங்க. பூஜ போட்டது நான்தான்."

"தொறந்தீங்களா?"

"தொறந்தேன்."

"என்ன பண்ணுனீங்க உள்ள? பாஸ்வேர்டு போட்டீங்களா? எதையாவது செருகுனீங்களா?"

"சாமி கும்பிட்டேனுங்க."

வெளியே ஒருத்தனும் சிரிக்கவில்லை இப்போது. எனக்கு அவர் கேட்பது அப்போதுதான் விளங்கியது. லேப்டாப்பை நான் கெடுத்தேன் என்கிறார். மறுபடி கைச்சீட்டு வர வேண்டும் என்று கெடுத்தேன், கைச்சீட்டில் தில்லுமுல்லு பண்ணக் கெடுத்தேன் என்கிறார்.

"பையக் காட்டுங்க" என்றார்.

நான் பையைத் தரவில்லை. ஆணியில் மாட்டியிருந்தது. அவரே எடுத்தார். தலைகீழாகப் பிடித்து உதறினார். மாத்திரை அட்டை விழுந்தது. கண்ணாடிக் கூடு விழுந்தது. வெற்றிலைப் பொட்டலம் விழுந்தது. கடைசியில் என் வீட்டுக்காரியின் அளவு ஜாக்கெட் விழுந்தது. டெய்லரிடம் கொடுக்கச் சொல்லி அன்று காலையில் கொடுத்து விட்டிருந்தாள். ரோஸ் கலர். அக்குளில் தையல் விட்டது. மேசையில் விரிந்து கிடந்தது. பத்தொன்பது பேர் சன்னலில் நிற்கிறார்கள்.

பின்னால் யாரோ ஒரு பையன் க்ளுக் என்றான். காத்தவராயன் அவன் பிடரியில் ஒன்று போட்டான்.

நான் அந்த ஜாக்கெட்டை எடுத்து மடித்தேன். மடிக்க வரவில்லை. சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அதைப் பார்க்காத மாதிரி பென் டிரைவைத் தேடிக்கொண்டிருந்தார். வெற்றிலையைக்கூடப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இருந்தால்தானே.

"மாமா கிட்டப் பேசிட்டேன்" என்றார். "சாயந்தரத்துக்குள்ள இது ஓடணும். என்ன ஆச்சுன்னு தெரியணும். உங்க கை வேலதான்னு தெரிஞ்சுதுன்னா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

இருபத்தெட்டு வருஷம். ஓடினால் இருக்கலாம், ஓடாவிட்டால் திருடன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த மிஷின் கையில் என் பெயர் இருந்தது. அது நீலமாக ஒரு பக்கத்தைக் காட்டிக்கொண்டு கீ என்கிறது. நான் அறைக்கு வெளியே போய் நிலைப்படிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே நிற்க என்னால் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. போனால் ஓடிவிட்டான் என்பார்கள்.

காத்தவராயன்தான் சொன்னான், பஸ் ஸ்டாப் பக்கத்தில் சுகந்தி என்று ஒரு பெண் இருக்கிறது, என் போன் தண்ணீரில் விழுந்ததையே சரி பண்ணிக் கொடுத்தது, கூப்பிட்டுப் பாருங்கள் என்று. மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. "செல்போன் கடையெல்லாம் இதுக்கு ஆவாது" என்றார். அதற்குள் ஒரு டிரைவர் தார்ப்பாயைத் தூக்கி ஒரு கிழங்கை உடைத்துக் காட்டினான். நடுவில் கருப்புக் கோடு. மாப்பிள்ளை போனை எடுத்தார்.

பன்னிரண்டரைக்கு ஸ்கூட்டியில் வந்தாள். முப்பது வயசு இருக்கும். என்னென்ன செய்தீர்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். செய்தது எல்லாம் சரிதான் சார் என்றாள். பிறகு ஒரு தடவை அணைத்துப் போட்டாள். கீ.

"இந்தச் சத்தம் எப்பயிருந்து சார்?"

"அது காலையிலிருந்து வருது. அது ஒண்ணுமில்ல. பென் டிரைவத்தான் எடுக்க மாட்டேங்குது, அதப் பாருங்க."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெளியே நின்றபடியே சொன்னேன், "அது ஹாரன அமுத்திப் புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குது அம்மணி. கையவே எடுக்கல யாரும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க ஐயா, இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். அவள் மறுபடி மிஷின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு பொத்தானாக அமுக்க ஆரம்பித்தாள். அமுக்குவாள், அது மேலே வரும். அடுத்ததை அமுக்குவாள், அது மேலே வரும். மேல் வலது மூலைக்கு வந்தாள். டெலிட் என்று எழுதின பொத்தான். அமுக்கவே வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே உள்ளே போய்த்தான் இருந்தது. மேலே வரவே இல்லை.

"சார், இந்த மிஷின்ல போட்ட உடனே டெலிட்ட அமுத்துனா செட்டிங் பக்கம் வரும். இது அமுந்தே கெடக்குது. அதனாலதான் நீங்க எத மாத்தினாலும் அங்கயே போகுது. பென் டிரைவ் மேல தப்பில்ல."

மாப்பிள்ளை தானே ஒரு தடவை அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க நான் ஒரு நாள் சம்பளத்தைக்கூட விட்டுக் கொடுத்திருப்பேன்.

அவள் துப்பட்டாவிலிருந்து ஊக்கை எடுத்தாள். பொத்தானின் ஓரத்தில் விட்டு மெதுவாக நெம்பினாள். டப்பென்று கழன்று வந்தது. கீழே மஞ்சளாக, சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தது. ஊக்கு முனையால் ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள்.

நானும் நேராகப் பார்த்தேன். எனக்கென்ன பயம்? ஒரு நாள் ஆகியும் வாசனை போகவில்லை பார், கட்டைச் சந்தனம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன அது?" என்றார் மாப்பிள்ளை.

அவள் அந்தக் கட்டியைத் துப்பட்டா நுனியில் வைத்து நசுக்கினாள்.

"தூசிங்க சார். மாவுத் தூசி. கெழங்கு மில்லுல இதெல்லாம் சகஜம். ஈரம் பட்டா இப்படித்தான் இறுகிப் போயிரும். யாரும் பண்ணதில்ல."

தூசி.

கேட்டீர்களா டிரைவரே? என் கையால் உரைத்தது, சாமிக்கு முன்னால் வைத்தது, அதைத் தூசி என்கிறாள். அதுவும் பத்தொன்பது பேர் முன்னால். அவளுக்குத் தெரியாமல் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். தெரியும். மோந்து பார்த்தாளே. அதோடு, மீதி மூன்று மூலைக்கும் யாரும் சொல்லாமலேயே நேராகப் போனாள். ஒவ்வொரு மூலைப் பொத்தானையும் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டாள். மாப்பிள்ளை பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் பார்வைக்குப் படாத மாதிரி துடைத்தாள். நடுவில் இருக்கிற ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. தெரிந்துதானே செய்தாள்?

நான் உள்ளே வந்துவிட்டேன். "அது தூசி இல்லங்க" என்று ஆரம்பித்தேன். அவள் சட்டென்று குறுக்கே வந்து, "ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா? தொண்ட காயுது" என்றாள். குடத்தடிக்குப் போய்விட்டு வருவதற்குள் மிஷினைப் போட்டுவிட்டாள். கீ சத்தம் இல்லை. நீலப் பக்கம் இல்லை. பென் டிரைவில் பச்சை விளக்கு மினுக்கியது, திரையில் வேறு படம் வந்தது. சன்னலில் எல்லோரும் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் நான் சொல்ல வந்தது அமுங்கிப் போய்விட்டது.

ஒன்றரை மணி நேரத்தில் புதியதைப் போட்டு முடித்தார்கள். மூன்று மணிக்கு முதல் வண்டி மேடையில் ஏறியது. வண்டி நம்பரை அடித்தது நான்தான். சீட்டு வந்தது. காத்தவராயன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "பாஸாயிருச்சு கொழந்த" என்றான்.

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? மேசையில் கிடந்த என் பையை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். "மாவுத் தூசியா" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் வாட்ச்மேன் கையில் ஒரு புதுப் பை கொடுத்தனுப்பினார். ஜிப் வைத்தது. அதோ, அந்த ஆணியில் தொங்குகிறதே, அதுதான். பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. நான் பையா கேட்டேன்? பத்தொன்பது பேர் முன்னால் கொட்டினது பத்தொன்பது பேர் முன்னால் திரும்பி வர வேண்டும். "அர்த்தனாரி, நீங்க பண்ணல" என்று அந்த வாயால் வர வேண்டும்.

சுகந்தி கதை இன்னும் முடியவில்லை. அன்று அவள் கிளம்பும்போது நான் கூடவே கேட் வரைக்கும் போனேன். கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் முந்திக்கொண்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, அடுத்த வருஷம் மூடி மேல மட்டும் ஒரு பொட்டு வெச்சுக்குங்க. உள்ள வேண்டாம்" என்றாள்.

சாமிக்கு எங்கே பொட்டு வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறாள்.

"ஏம்மா, சந்தனத்தப் போயித் தூசின்னியே. நாக்குக் கூசல உனக்கு?" என்றேன்.

"கூசலைங்க ஐயா" என்றாள். சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சிரிப்பு வேறு. இப்போதும் அந்த வழியில் போனால் "சாப்பிட்டீங்களா ஐயா" என்று கேட்கிறாள். நான் பதில் சொல்வதில்லை. ஒரு வருஷமாக அவள் கடைக்குப் போகவில்லை. என் போன் ரிப்பேரானபோதுகூட ராசிபுரம் போய்த்தான் சரி பண்ணினேன்.

இதோ வருகிற வெள்ளிக்கிழமை முதலாளி மில்லுக்கு வருகிறார். உடம்பு தேறிவிட்டதாம். இந்த அறைக்குத்தான் முதலில் வருவார், எப்போதும் அப்படித்தான். அவரிடம் முழுசாகச் சொல்லிவிடப் போகிறேன். அது தூசி இல்லை முதலாளி, சந்தனம், நான்தான் வைத்தேன், நான்கு மூலையிலும் என் கையால் வைத்தேன், அந்தப் பொண்ணு பொய் சொன்னாள் என்று சொல்லப் போகிறேன். அவளையும் வரவழைக்கச் சொல்லப் போகிறேன்.

என்ன, தலையை ஆட்டுகிறீர்கள்? சொல்ல வேண்டாமா? ஏன்?

காத்தவராயனும் இதையேதான் சொன்னான். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், அது தூசியாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றான். அவனுக்கு என்ன வந்தது? அவனும் அந்தப் பெண்ணிடம்தான் போன் ரிப்பேர் பண்ணுகிறான். நீங்கள் இன்றைக்குத்தான் வந்தீர்கள், அதற்குள் நீங்களும் அந்தப் பக்கம் பேசுகிறீர்கள். என் பக்கம் பேச ஒரு ஆள் இல்லை டிரைவரே.

பஞ்சர் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அந்த வண்டி இறங்குகிறது. நீங்கள் வண்டியை எடுங்கள். மெதுவாக ஏற்றுங்கள், நடுவில் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளி நில்லுங்கள், கிளீனரையும் இறக்கிவிடுங்கள்.

"அது சந்தனம்" என்று அவள் சொல்ல வேண்டும். "நீங்க பண்ணல" என்று அவர் சொல்ல வேண்டும். இந்தச் சன்னலுக்கு முன்னால், அதே பத்தொன்பது பேர் கேட்க, இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கேட்டு வாங்காமல் நான் விடப்போவதில்லை.